பதினோரு வீடுகள், ஏழு நாட்கள்: வெளிநாடு கிளம்பும் முன் உறவினர் சந்திப்புகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். வெளிநாடு கிளம்பும் வீடுகளில் கடைசி வாரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை ஒரே வாரத்துக்குள் கோத்து, நிமிடக் கணக்கும் கிலோ கணக்கும் போட்டுப் பார்ப்பதற்காகக் கட்டியது. கணவன், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன். இரண்டு வருட வேலைக்காகக் கிளம்புகிறார்கள். விசாவும் டிக்கெட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட்டன. விமானம் ஞாயிறு அதிகாலை 1:10-க்கு. முந்தைய ஞாயிறு காலை எழும்போது கையில் ஏழு நாள் இருக்கிறது, போக வேண்டிய வீடுகள் 11 இருக்கின்றன.

அவர்கள் போட்ட திட்டம் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை நாளுக்கு இரண்டு வீடு. வெள்ளி மாலை பாட்டி வீடு மட்டும். மனைவியின் அம்மாவைப் பெற்றவர், வயது 84, பெரும்பாலும் படுக்கையில், மாமா வீட்டில் இருக்கிறார். "பாட்டியைக் கடைசியா வச்சுக்கலாம், அவசரமில்லாம உட்கார்ந்து பேசலாம்" என்றுதான் அந்த நாளை ஒதுக்கினார்கள். சனிக்கிழமை முழுக்க பெட்டி கட்ட.

நடந்தது என்ன

ஞாயிறு சரியாகப் போனது. திங்கள் இரண்டாம் வீட்டிலிருந்து கிளம்பும்போது இரவு 10:15. செவ்வாய் போன வீட்டில் மூக்கொழுகும் ஒரு குழந்தையோடு மகன் மூன்று மணி நேரம் விளையாடினான். புதன்கிழமை பெரியப்பா ஒரு வங்கிப் படிவம் நிரப்ப உதவுவதாகச் சொன்னதால் பாஸ்போர்ட் கோப்பை அங்கே எடுத்துப் போனார்கள். கோப்பு அவர் வீட்டு அலமாரி மேலேயே தங்கிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. வியாழன் மதியச் சந்திப்பு நீண்டதில் 4:30 மணி டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போயிற்று. கணவருக்கு மூன்று மாத ரத்த அழுத்த மாத்திரைக்கும் மருந்துக் கடிதத்துக்குமான அப்பாயின்ட்மென்ட் அது.

வெள்ளி மதியம் மகனுக்கு 38.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். படுக்கையில் இருக்கும் 84 வயது மனிதர் அருகே அந்தக் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. மனைவி மட்டும் ஓடிப்போய் 35 நிமிடம் இருந்துவிட்டு வந்தார். இரவு 11 மணிக்குப் பாஸ்போர்ட் தேடல் தொடங்கியது. சனி காலை அதை எடுத்துவர 2 மணி 20 நிமிடம் போனது. மாலை 4 மணிக்குப் பெட்டிகளை எடை போட்டால் மொத்தம் 7 கிலோ கூடுதல். 6 மணிக்கு, "நாளைக்குத்தானே ஃபிளைட்" என்று நினைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் வழியனுப்ப வந்து உட்கார்ந்தன. 8:45-க்குக் கிளம்ப வேண்டியவர்கள் 9:35-க்குக் கிளம்பினார்கள்.

விமானத்தைப் பிடித்துவிட்டார்கள். அதனாலேயே இந்த மாதிரி வாரங்களை "எப்படியோ சமாளிச்சாச்சு" என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விட்டுப்போனது பாட்டியோடு உட்காரும் அந்த மாலை. வாரத்தின் தாமதமெல்லாம் வாலில்தான் போய்ச் சேரும். வாலில் எதை வைத்திருக்கிறோமோ அது முதலில் அறுபடும். ஆகவே எத்தனை வீடு என்பதைவிட எந்த வீடு எந்த நாளில் என்பதே இங்கே பெரிய கேள்வி.

ஒரு சந்திப்பு எத்தனை நிமிடம்

"ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம்" என்பது திட்டத்தில் இருந்த கணக்கு. 11 வீட்டுக்குப் பதினாறரை மணி நேரம் வருகிறது. ஏழு நாளில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஒரே ஒரு சந்திப்பைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டி, உடை மாற்றி, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கதவைப் பூட்ட 25 நிமிடம். போக 35, வர 35. உட்கார்ந்து பேச 90. "சரி, கிளம்பறோம்" என்று எழுந்ததிலிருந்து வண்டி நகரும் வரை 30. வீட்டுக்கு வந்து, கொடுத்த பொருள்களை இறக்கி ஒரு மூலையில் வைக்க 15. கூட்டினால் 230 நிமிடம், அதாவது 3 மணி 50 நிமிடம். பதினோரு வீட்டுக்கு 42 மணி 10 நிமிடம். திட்டத்துக்கும் உண்மைக்கும் இடையே 25 மணி 40 நிமிடம் விழுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் கணக்கிட்டால் ஒன்றரை நாளுக்கும் மேல். பெட்டி கட்டுவது, டாக்டர், வங்கி, தூக்கம் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் காணாமல் போயின.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது அந்த 30 நிமிட வாசல் நேரம். எழுந்து நின்ற பிறகு ஒரு ஃபோட்டோ. ஃபோட்டோவுக்குள் தூங்கிப்போன குழந்தையை எழுப்புவது. உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வருவது. அப்புறம் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கையில், உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் வராத பேச்சு வரும். மாமாவுக்கு அடுத்த மாதம் கண் அறுவை சிகிச்சை, அன்றைக்கு யார் கூடப் போவது. கடன் கொடுத்தது பற்றி ஒரு வார்த்தை. அத்தைக்கு உள்ளுக்குள் இருக்கும் பயம். மனிதர்கள் முக்கியமானதை வாசலில்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் கூடத்தில் டிக்கெட், விசா, அந்த ஊர்க் குளிர் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இதற்கு ஒரே வழி, அந்தப் பேச்சை முதல் கால் மணி நேரத்திலேயே நாமே கேட்டுவிடுவது. "மாமா, முதல்ல உங்க உடம்பு எப்படி இருக்கு சொல்லுங்க, அடுத்த செக்கப் எப்போ? நாங்க இல்லாதப்ப யார் கூட வருவாங்க?" ஃபோட்டோவையும் போனவுடனே எடுத்துவிடலாம். குழந்தைகள் அப்போது விழித்திருப்பார்கள், எல்லோர் முகமும் தெளிவாக இருக்கும். இந்த இரண்டையும் முன்னால் கொண்டுவந்தாலே வாசல் நேரம் பாதியாகும், பேச வேண்டியதும் நின்றுகொண்டு பேசியதாக இருக்காது.

எடை எங்கிருந்து வந்தது

நான்கு டிக்கெட், ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. மொத்தம் 92. காலிப் பெட்டி ஒவ்வொன்றும் 4 கிலோ, ஆக 16 கிலோ அதிலேயே போயிற்று. மிச்சம் 76. புதன்கிழமை வரை அடுக்கிய சொந்தப் பொருள்கள் 64. கையில் இருந்த இடம் 12 கிலோ மட்டும். வாரம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் "சின்னதா ஒண்ணு" என்று வந்தவை 19 கிலோ. அதுதான் அந்த 7 கிலோ.

சனி மாலை தரையில் இருந்த நான்கு பெட்டிகளும் காட்டிய எடை: 25.2, 24.6, 23.8, 25.4. பெட்டிக் கணக்கில் கொடுக்கப்படும் டிக்கெட்டில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக 23-க்குள் இருக்க வேண்டும். ஒன்றில் 21, ஒன்றில் 25 என்று வைத்துவிட்டு "மொத்தம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்வது பெரும்பாலான கவுன்டர்களில் செல்லாது. பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் எடுத்துக்கொள்வதில்லை. தூக்கிப் போடும் தொழிலாளர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. அளவிலும் வழக்கமான வரம்பு உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ.

எடை பார்க்க வீட்டு எடைக்கருவியே போதும். கெட்டியான தரையில் வைத்து முதலில் வெறுமனே நின்று ஒரு எண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று ஒரு எண், கழித்தால் பெட்டியின் எடை. கம்பளத்தின் மேல் வைத்தால் எண் தப்பும். தொங்கவிட்டுப் பார்க்கும் கைத்தராசாக இருந்தால் ஆடாமல் பிடித்து மூன்று முறை பார்க்க வேண்டும். 22-ல் நிறுத்துங்கள். அந்த ஒரு கிலோ உங்கள் கருவிக்கும் விமான நிலையக் கருவிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு.

கடைசி நேரத்தில் எடை குறைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. பெரிய பெட்டியிலிருந்து கனமான பாட்டில்களை எடுத்துக் கைப்பையில் வைப்பது. ஷாம்பு, கிரீம், வாசனைத் திரவியம், பசைபோல இருக்கும் உணவு எல்லாமே பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. பல விமான நிலையங்களில் கொள்கலன் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்த்து 1 லிட்டர் தெளிவான பையில் இருக்க வேண்டும். சில இடங்களில் புதிய ஸ்கேனர் வந்து இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் வழியில் மாறும் விமான நிலையத்திலும் தளர்ந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பாதி காலியான 200 மி.லி. பாட்டிலும் 200 மி.லி.யாகத்தான் கணக்கு. கைப்பைக்கு மாற்ற வேண்டியவை புத்தகம், கனமான துணி, காலணி. அதுவும் கைப்பைக்கு 7 கிலோ வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

சுற்றிக் கட்டிய பொட்டலங்கள்

சித்தி ஒரு பெட்டியைக் கொடுத்தார். அழகான தாள் சுற்றியிருந்தது. உள்ளே 20,000 எம்ஏஎச் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) பவர் பேங்க். அது நேராகப் பெரிய பெட்டிக்குள் போனது, ஏனென்றால் அது என்னவென்று யாருக்கும் தெரியாது. பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் கீழே போகும் பெட்டியில் இருக்கக் கூடாது, கைப்பையில் மட்டுமே. சரக்குப் பகுதியில் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் இல்லை. அளவுக்கும் வரம்பு உண்டு: 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் முடியாது. கணக்கு எளிது. எம்ஏஎச் எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000-க்கு 74 வாட்-மணி வரும், பிரச்சினை இல்லை. மேலே எண்கள் அழிந்துபோன பவர் பேங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே பரிசுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தே அடுக்க வேண்டும். மனசு கேட்காது. கொடுத்தவர் முன்னாலேயே, சந்தோஷமாக, குழந்தையை விட்டுப் பிரிக்கச் சொல்லிவிட்டால் அது மரியாதைக் குறைவாகத் தெரியாது, பரிசைப் பார்த்த மகிழ்ச்சியாகத்தான் தெரியும்.

இதைவிடக் கடினமானது மூன்றாம் மனிதருக்கான பார்சல். "அந்த ஊர்ல நம்ம தெரிஞ்சவங்க பொண்ணு இருக்கா, இதை மட்டும் ஒரு ஓரத்துல வச்சுடு கண்ணு, வந்து வாங்கிக்குவா, ஒரு கிலோகூட இருக்காது." தராசில் வைத்தால் 1.8 கிலோ. விமான நிலையத்தில் "உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா?" என்று கேட்பார்கள். பெட்டிக்குள் இருப்பது எதுவானாலும் சட்டத்தின் முன் அது பெட்டிக்காரருடையது. "பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போக முடியும் சித்தி, அங்க கேள்வி கேட்பாங்க" என்று சொல்லலாம், அது முழு உண்மை. பிரிக்க விடாதவருடைய பார்சலை எடுக்க வேண்டாம். பிறருடைய மருந்து என்றால் பிரித்துப் பார்த்தாலும் வேண்டாம். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சளி மருந்தும் வலி மாத்திரையும் இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டவையாக இருக்கும். சளி மருந்துகளில் வரும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. வலி, இருமல் மருந்துகளில் வரும் கோடீன் கலந்திருந்தால் அதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.

விதை, பழம், இறைச்சி, பால் பொருள் எதுவாயினும் இறங்கும் நாட்டின் அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் "ஆம்" போட்டுவிடுங்கள். அறிவித்த பொருளைப் பெரும்பாலும் பறிமுதல் செய்வதோடு விட்டுவிடுவார்கள். மறைத்தது அகப்பட்டால் அபராதம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதில் சற்றும் தளர்வு கிடையாது.

விலை உயர்ந்தவை கைப்பையில். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் பெட்டி தொலைந்தாலோ கெட்டாலோ விமான நிறுவனம் தரும் இழப்பீட்டுக்கு ஒரு பயணிக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சேதத்தை 7 நாளுக்குள், தாமதத்தை 21 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். பூட்டும் முன் பெட்டியைத் திறந்த நிலையில் ஒன்றும் மூடிய நிலையில் ஒன்றும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

கோப்பு வீட்டை விட்டுப் போகக் கூடாது

பாஸ்போர்ட் தொலையத் திருட்டு வேண்டியதில்லை, சந்திப்புக்கு எடுத்துப்போகும் பையே போதும். எண் கேட்கிறார்கள், பிறந்த தேதி கேட்கிறார்கள் என்று கோப்பையே தூக்கிக்கொண்டு போகிறோம். முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து இருவர் ஃபோனிலும் வைத்துக்கொண்டால் எந்தப் படிவத்துக்கும் அதுவே போதும். அசல் ஒரே அலமாரியில், ஒரே ஆள் பொறுப்பில்.

வாரத்தின் முதல் நாளே கோப்பைத் திறந்து நான்கு விஷயம் பாருங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா. காலாவதித் தேதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா, ஏனென்றால் பல நாடுகள் அதைக் கேட்கின்றன. பல நாடுகளில் குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்கே தரப்படுகிறது, பெரியவர்களுடையதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அங்கேதான் இடறுகிறார்கள். வெற்றுப் பக்கம் இருக்கிறதா. வழியில் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா, குறிப்பாக இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு தேவைப்படலாம். ஞாயிறு கண்டால் சரிசெய்ய ஐந்து வேலை நாள் இருக்கிறது. வெள்ளி இரவு கண்டால் ஒன்றும் இல்லை.

சொந்த நாட்டில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பொதுவாக உரிமம் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும். நம் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னியை இங்கே ஒரு மாலையில் எழுதலாம், அங்கே போய் எழுதினால் தூதரகச் சான்றோ, 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படியான அப்போஸ்டில் என்ற அரசுச் சான்றோ தேவைப்படும். சிம் கார்டில் ரோமிங்கை இங்கேயே ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் அங்கே வங்கி ஓடிபி வராது. இருபது நிமிட வேலை, ஆனால் தலை தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

காய்ச்சலும் மாத்திரையும்

இன்ஃப்ளுயன்சா தொற்றிய 1 முதல் 4 நாளுக்குள் வெளியே தெரியும். செவ்வாய் தொற்றியது வெள்ளி வந்தது ஆச்சரியமே இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில். இதன் பொருள், கடைசி நான்கு நாளில் குழந்தைகள் கூடும் வீடுகளைத் தவிர்ப்பதுதான் பாதுகாப்பு. போகும் முன் ஃபோனில் "குழந்தைகளுக்குச் சளி எதுவும் இல்லையே?" என்று கேட்பதில் தவறில்லை. மூக்கடைப்போடு விமானம் இறங்கும்போது சிறு குழந்தைக்குக் காது வலி தாங்க முடியாது. பார்வைக்கே நோயாளியாகத் தெரிபவரை ஏற்றிக்கொள்ள விமான நிறுவனம் மறுக்கலாம். வெள்ளிக்கிழமையே டாக்டரிடம் காட்டி, பறக்கலாம் என்றால் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. குழந்தைக்கான மருந்துத் திரவம் 100 மி.லி.யைத் தாண்டினாலும் சோதனையில் எடுத்துக் காட்டினால் பொதுவாக விடுவார்கள்.

தினசரி மாத்திரைகள் அசல் அட்டையிலேயே, கைப்பையில், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் கடிதத்தோடு. வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், பொதுப்பெயர் மாறாது. இன்சுலின் கட்டாயம் கைப்பையில், சரக்குப் பகுதிக் குளிரில் அது உறைந்து கெடலாம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைத் திங்கள் காலை முதல் வேலையாக வையுங்கள், மதியச் சந்திப்புக்குப் பின்னால் ஒருபோதும் வேண்டாம். தடுப்பூசிகள் இந்த வாரத்து வேலையே இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாள் கழித்தே செல்லுபடியாகும்.

ஞாயிறு என்று சொன்னதால் வந்தது

அதிகாலை 1:10 என்பது டிக்கெட்டில் ஞாயிறு, வீட்டில் சனிக்கிழமை இரவு. உறவினர்களிடம் "ஞாயிறு கிளம்பறோம்" என்று சொன்னால் சனி மாலைதான் வழியனுப்ப வருவார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பல சர்வதேச விமானங்களுக்குச் செக்-இன் கவுன்டர் 60 நிமிடம் முன்பே மூடும், அதாவது 12:10. மூன்று மணி நேரம் முன்னால் என்றால் 10:10-க்கு அங்கே இருக்க வேண்டும். பயணம் ஒரு மணி நேரம், தடங்கலுக்கு 25 நிமிடம். ஆக வீட்டை விட்டு இறங்கும் நேரம் சனி இரவு 8:45. விமான நேரத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம். "சனிக்கிழமை ராத்திரி 8:45-க்கு வீட்டைப் பூட்டறோம்" என்பது ஒன்றே எல்லோருக்கும் போகட்டும். ஆன்லைன் செக்-இன் பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும். குழந்தைக்குப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் திறந்தவுடன் செய்ய வேண்டும்.

இதே வாரம், வேறு வரிசையில்

ஞாயிறு காலை 9:30, முதல் வீடு பாட்டி வீடு. குழந்தைகளுக்கு நோய் இல்லை, யாருக்கும் களைப்பில்லை, காலையில் முதியவர்களுக்குத் தெளிவும் இருக்கும். ஞாயிறு மாலை ஐந்து குடும்பங்களை ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள், 4 முதல் 7 வரை. அந்த இடம் கிளம்புகிறவர்களின் வீடாக இருக்கக் கூடாது. சொந்த வீட்டில் விருந்தினரை எழுந்து போகச் சொல்ல முடியாது, பெட்டிகள் வேறு திறந்து கிடக்கும். பெரியப்பா வீட்டில் என்றால் 7 மணிக்கு எழுந்துவிடலாம். அழைப்பையும் பெரியப்பாவே ஃபோனில் சொன்னால் யாருக்கும் மனக்குறை வராது. இதன் பிறகு தனியாகப் போக வேண்டிய வீடுகள் ஐந்துதான்: வெளியே வர முடியாதவர்கள், சமீபத்தில் இழப்பைச் சந்தித்தவர்கள், தனியே பேச வேண்டியது உள்ளவர்கள். திங்கள் ஒன்று, செவ்வாய் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு, புதன் ஒன்று, வியாழன் ஒன்று. வியாழன் மாலை மனைவி மட்டும் மறுபடி பாட்டியிடம், இரண்டு மணி நேரம். எல்லாம் கூட்டினால் 28 மணி 40 நிமிடம். பழைய வரிசைக்கு உண்மையில் ஆன 42 மணி 10 நிமிடத்தைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் மிச்சம், வெள்ளியும் சனியும் முழுதாகக் கையில்.

புதன் இரவு பெட்டி மூடுகிறது, அதற்குப் பின் எந்தப் பொருளும் உள்ளே போகாது. இதை ஞாயிறு கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும், மீதி 12 கிலோதான் என்பதையும் சேர்த்து. எண்ணைச் சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள். "இடமில்லை" என்று மட்டும் சொன்னால் "என் பொருளுக்கு மட்டும் இடமில்லையா" என்று தோன்றும்.

பாட்டியோடு அந்த முதல் காலையில் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அவர் கையில் இருக்கும் ஃபோனிலேயே வீடியோ அழைப்பைப் பழக்குவது. பேத்தியின் படம் பெரிதாகத் தெரியும் குறுக்குவழி ஒன்று முதல் திரையில், மற்றவையெல்லாம் அடுத்த திரைக்கு. ஒலி முழு அளவில். பிறகு மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பி அங்கிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். பாட்டி தானே எடுக்க வேண்டும், யாரும் கை நீட்டக் கூடாது. முதல் முறை பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடிப்பார், இழுக்க மாட்டார், அழைப்பு நின்றுவிடும். மூன்றாவது முறையில் வந்துவிடும். இரண்டு ஊர் நேரமும் எழுதிய அட்டை ஒன்று கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், அவர் படுத்தபடி படிக்கும் அளவு எழுத்தில். புது எண்ணிலிருந்து முதல் அழைப்பு வரும்போது உண்மையிலேயே பேத்திதானா என்று தெரிய இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை. புது எண்ணிலிருந்து பணம் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் குறிவைப்பது இப்படிப்பட்ட வீடுகளைத்தான். வியாழன் மாலைச் சந்திப்பில் இதையெல்லாம் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியும் ஏதாவது பெட்டிக்குள் போகாமல் நிற்கும். கொடுத்தவர் பெயரை ஒவ்வொன்றின் மேலும் எழுதி, ஒரே அட்டைப்பெட்டியில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுங்கள். உணவை அன்றே பகிர்ந்து கொடுத்துவிடலாம். கொடுத்தவர்களுக்குச் சனி மதியமே ஃபோன் செய்து, "எடை தாண்டிடுச்சு அத்தை, மாமா வீட்ல பத்திரமா வச்சிருக்கோம், அடுத்து யாராவது வரும்போது வாங்கிக்கறோம்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த அட்டைப்பெட்டியை அவர் தானாகப் பார்க்க நேரக் கூடாது.